ஐரிஸ் கூன்வண்டு

ஐரிஸ் கூன்வண்டு (மோனோனிக்கஸ் வல்பெகுலஸ்) வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஐரிஸ் செடிகளின் விதைகளைத் தின்று வளரும் சிறு வண்டு. குர்குலியோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது; தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு உறவினம். இதன் முதன்மையான உணவுச் செடிகள் ஐரிஸ் வெர்சிகலர், ஐரிஸ் வர்ஜினிகா என்னும் நீலப் பூ இனங்கள். இரண்டும் சதுப்பு நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் வளர்பவை. ஐரிஸ் வெர்சிகலர் 1999 முதல் கனடாவின் கியூபெக் மாகாண மலராக உள்ளது.

தோற்றம்

வளர்ந்த வண்டு சுமார் 5 மி.மீ. நீளமுள்ளது. உடல் தடித்து, கருமையாக இருக்கும். அடிப்புறத்தில் வெளிர்நிறச் செதில்கள் படிந்திருக்கும். தலை நீண்டு வளைந்த மூக்காக முடிகிறது. வாயுறுப்புகள் அதன் நுனியில் உள்ளன. பெரும்பாலான கூன்வண்டுகளின் பாதத்தில் இரண்டு நகங்கள் இருக்க, இதற்கு ஒன்றுதான்.

வாழ்க்கைச் சுழற்சி

ஐரிஸ் பூக்கும் பருவத்தில் வண்டுகள் பூக்களில் கூடுகின்றன. பூவின் தேன் அடிக்குழலில் சுரக்கிறது. வண்டுத்தேனீ அதை அடைய, இதழுக்கும் சூல்தண்டுக் கிளைக்கும் இடையிலுள்ள வழியில் நுழைந்தாக வேண்டும். மகரந்தச் சேர்க்கை அப்போதுதான் நிகழ்கிறது. கூன்வண்டு வெளியிலிருந்தே திசுவைத் துளைத்துத் தேனை எடுத்துவிடுகிறது.

பெண் வண்டு சூலகச் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடும். காய் முற்றும்போது அத்துளைகள் தக்கை போன்ற தழும்புகளாகத் தெரியும். காயின் மூன்று அறைகளிலும் தட்டையான விதைகள் காசு அடுக்கியதுபோல நெருங்கியிருக்கும். கால்களற்ற புழு ஒரு விதையைக் குடைந்து முடித்ததும் பக்கத்து விதைக்கு நகர்கிறது. கூட்டுப்புழுப் பருவமும் காய்க்குள்ளேயே கழிகிறது. கோடை இறுதியில் காய் வெடிக்கும்போது புதிய வண்டுகள் வெளியேறி, சருகுகளுக்கிடையே குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

செடிக்கு நேரும் விளைவு

விதை இழப்பால் ஐரிஸ் புதர் அழிவதில்லை. மட்டநிலத் தண்டு கிளைத்துப் பரவுகிறது. விதைகள் நீரில் மிதந்து சென்று புதிய கரைகளில் முளைக்கும் வாய்ப்புதான் குறைகிறது. கலப்பின விதைக்காகக் காய்களைக் காப்பவர்களுக்கு இவ்வண்டு நேரடி இழப்பு. விதை வேண்டாதவர்கள், காய் வெடிக்குமுன் அதைப் பறித்து அழித்தால் அடுத்த ஆண்டு வண்டுகளின் எண்ணிக்கை குறையும்.

ஐரோப்பிய இனம்

மோனோனிக்கஸ் பங்டமால்பம், ஐரோப்பாவில் மஞ்சள் ஐரிஸ் (ஐரிஸ் சூடகோரஸ்) விதைகளைத் தின்கிறது. முதுகிலுள்ள வெண்புள்ளி இதன் அடையாளம். மஞ்சள் ஐரிஸ் வட அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா ஆகிய இடங்களில் ஈரநிலங்களை ஆக்கிரமித்துள்ளதால், உயிரியல் கட்டுப்பாட்டுக்குப் பரிசீலிக்கப்பட்ட பூச்சிகளில் இவ்வண்டும் ஒன்று. விதை குறைந்தாலும் துண்டாகும் தண்டிலிருந்து செடி மீண்டும் தழைக்கும். எனவே தண்டையும் இலையையும் தாக்கும் அப்தோனா நான்ஸ்ட்ரியாட்டா வண்டு, இலை தின்னும் ராடினோசெரேயா மைகன்ஸ் ரம்பஈ ஆகியவையும் இதனுடன் ஆராயப்படுகின்றன.