வகுப்பில்லாத பள்ளியும் மருத்துவப் பரிசோதனை விதியும்

இலங்கையின் கிழக்கே மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில், பாடசாலைப் பதிவேட்டிலே பெயரின்றி ஹிப்ழ் (குர்ஆன் மனன) மத்ரஸாவில் தங்கி ஓதும் பிள்ளை பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு அகப்படாமற் போவதற்கு, மத ஸ்தாபனங்களின் ஐயுறவே காரணம் என்னும் அபிப்பிராயம் ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. தாதியர் கல்லூரியும் மத்ரஸாவும் கைகோக்க வேண்டுமென்போரும் அவ்வையத்தைப் போக்கும் உபாயமாகவே அதனைக் கருதுகின்றனர். மூலகாரணம் பாடசாலை மருத்துவப் பரிசோதனை விதியை வாசித்த முறையில் உள்ளது என்பதே என் துணிபு.

விதி இருகூறுடையது. 200 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பாடசாலையில் 1, 4, 7, 10 ஆம் தரத்துப் பிள்ளைகள் பரிசோதிக்கப்படுவர்; 200க்குக் குறைந்த இடத்திலோ பிள்ளைகள் அனைவரும் பரிசோதிக்கப்படுவர். முதற்கூற்றையே விதியின் உயிராகக் கொண்டோர், குர்ஆனின் மூன்றாம் ஜுஸ்உவை (பாகத்தை) ஓதுபவனும் இருபதாம் ஜுஸ்உவை ஓதுபவனும் ஒரே பாயில் அமரும் மத்ரஸாவில் தரமென்பதே இல்லையாதலால் விதி அங்குச் செல்லாதென்று முடித்து, இரண்டாங்கூற்றைச் சிறு கிராமப் பாடசாலைகளுக்கான நிர்வாகச் சலுகையெனத் தள்ளினர். ஆனால் மூன்றாண்டுக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளையும் பார்க்கப்படவேண்டும் என்பதே நோக்கமாயின், தரம் என்பது பெருங்கூட்டத்தில் வயதை எண்ணுவதற்குக் கொண்ட ஒரு கருவி மாத்திரமே; கூட்டம் சிறுத்தவிடத்து விதி அக்கருவியைத் தானே கைவிட்டுப் பிள்ளையை நேரே நோக்குகிறது. ஆகவே இரண்டாங்கூற்றே மூலதத்துவத்துக்கு அண்மையது. ‘பாடசாலை’ என்னும் சொல் மத்ரஸாவையும் தழுவுமென்று நான் சாதிக்கவில்லை. தரமின்மை தடையாகாது என்பதளவே இவ்வாசிப்பு நிறுவும்.

இப்பிள்ளைகளின் குறைகள் மறைந்திருப்பதற்கு ஓதும் முறையிலேயே ஏதுவுண்டு. கரும்பலகை தெரியாத சிறுவனைப் பாடசாலை ஆசிரியர் விரைவில் அறிவார். முஸ்ஹபை (குர்ஆன் பிரதியை) மடியருகே வைத்து மனனஞ்செய்யும் கிட்டப்பார்வைச் சிறுவனுக்கோ எழுத்துத் தெளிவாகவே தெரியுமாதலால், அவன் குறையை அவனும் அறியான். செவியின் நிலை இதற்கு மாறானது: ஒவ்வொருவரின் ஸபக்கையும் (அன்றைய பாடத்தையும்) தனித்தனியே கேட்டு, ஸீன், ஸாத் என்னும் அரபு எழுத்தொலிகளைப் பிரித்துத் திருத்தும் உஸ்தாத் (மத்ரஸா ஆசிரியர்), பலமுறை திருத்தியும் ஒலிபேதம் உணராத பிள்ளையை எவருக்கும் முன்னர் காண்கிறார். அது செவிக்குறையாக இல்லாமலும் இருக்கலாம். ஆயினும் பரிசோதனைக்கு முதற்பெயரைத் தரத்தக்கவர் அவரே. இங்கேதான் கூட்டுறவு என்னும் சொல் மெய்ப்பொருள் பெறுகிறது. மட்டக்களப்புத் தாதியர் கல்லூரி மாணவர் நிறையும் உயரமும் அளந்து, இமையின் வெளிறலையும், கிழக்கில் இன்னும் ஒழியாத தொழுநோயின் உணர்ச்சியற்ற தேமலையும் தேடுவர். உஸ்தாத் தம் செவியறிவைத் தருவார். கண்டறிந்த குறை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியே கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை அடையவேண்டும். அவ்வழி வகுக்கப்படாத பரிசோதனை வெறும் எண்ணிக்கையாகவே முடியும்.

2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகையால் அப்பிள்ளை பாடசாலையில் இருக்கவேண்டியவனே என்பர். இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமை அவன் கண்ணைப் பாராதிருக்க நியாயமாகாது. 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் மத்ரஸா வாயிலில் பதிவேடு ஏந்தி வருவோரைக் காணும் அச்சம் மெய்யே. அதனால்தான் நிறைகோலுடன் வரும் தாதிய மாணவியை முன்னிறுத்துகிறேன். கரும்பலகையில்லா அவ்வோதுமிடத்தில், ஆறு மீற்றர் தூரத்தில் பார்வைப் பரிசோதனை அட்டை ஒன்று தொங்கவிடப்படும் நாள்வரை, அச்சிறுவனின் கண்குறையை எவரும் அறியார்.