பல்லோ கே முதல் டல்லாஸ் வரை: நெடியவர் ஒருவரின் வரலாறு

ஆரணி என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வருவது இயல்பு. நான் கூறப்போவது அந்த ஆரணியை அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாறு பாயும் பகுதியில் உள்ள பேரூர் இது. விடியற்காலையில் இங்கிருந்து புறப்படும் இளைஞர் பலர் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர்கள். இவ்வூரில் எனக்கு நன்கு பழக்கமான குடும்பம் ஒன்றில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். எந்த வீட்டு வாசலிலும் தலையைத் தாழ்த்தியே நுழைய வேண்டிய உயரம் அவனுக்கு. தோழர்கள் அவனுக்கிட்ட பெயர் ‘பனைமரம்’.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவனுடைய அத்தா என்னை நிறுத்தினார். “இவனைக் கூடைப்பந்துக்கு அனுப்பச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். விளையாட்டு சோறு போடுமா? பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விடுவான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால் இதே கேள்வி பஞ்சாப் மாநிலத்து உழவர் ஒருவரின் முன்னும் ஒரு காலத்தில் நின்றது. அவர் தம் மகனை விளையாட அனுப்பினார். அந்த மகன் உலகின் மிகப் பெரிய கூடைப்பந்துச் சங்கத்தின் வாசல்வரை சென்றார். அவர் வரலாற்றை அறிந்தால், ஆரணித் தந்தைக்குச் சொல்ல வேண்டிய விடையும் தெளிவாகும் என்று எண்ணி இதனை எழுதுகிறேன்.

கூடையும் உயரமும்

கூடைப்பந்து தானாக வளர்ந்த விளையாட்டு அன்று. ஓர் ஆசிரியர் யோசித்து அமைத்தது. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர், குளிர்காலத்தில் மாணவர் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்காக இதனை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை மாடத்தில் பத்தடி உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். இன்றும் அந்த உயரம் பத்தடியே. நம் சென்னைக்கும் இதில் பழைய உறவு உண்டு. 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, பின்னர்க் கல்லூரியாகி, இவ்விளையாட்டு தென்னாட்டில் வேரூன்ற உதவியது.

கூடை பத்தடியில் இருப்பதால் நெடியவர்க்கு இங்கே தனி மதிப்பு. ஐவர் கொண்ட அணியில் கூடைக்கு மிக அருகே நின்று ஆடுபவரைச் ‘சென்டர்’ என்பர். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதும், எதிரி எறியும் பந்தைத் தட்டிவிடுவதும், கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கிச் சட்டெனத் திரும்பிப் போடுவதும் அவர் பணி. நெடியவரின் ஆதிக்கம் மிகுந்தபோதெல்லாம் விதியை மாற்றி அவரை அடக்க முயன்றிருக்கிறார்கள். ஜார்ஜ் மைக்கன் என்னும் சென்டரின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்த, கூடையின்முன் தாக்கும் அணியினர் நெடுநேரம் நிற்கலாகாத பகுதியின் அகலத்தை 1951-இல் ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக்கினர். 1964-இல், வில்ட் சேம்பர்லைன் ஆடிய காலத்தில், அது பதினாறு அடியாயிற்று.

ஆகவே சென்டரின் வரலாறு வெறும் உயரத்தின் வரலாறன்று. மாறிக்கொண்டே வரும் ஆட்டத்தில் அந்த உயரத்துக்கு இடம் தேடிய வரலாறு. இதனை மனத்திற் கொண்டு பஞ்சாபுக்குச் செல்வோம்.

கோதுமை வயலில் ஒரு கூடை

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்பது ஒரு சிறு கிராமம். பல்பீர் சிங் என்பவர் அங்கே உழவர். மாவு அரைக்கும் ஆலையும் வைத்திருந்தார். அவரே ஏழடியைக் கடந்த உயரத்தினர். அவரது இளமையில், இந்த உயரத்துக்குக் கூடைப்பந்து ஆடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் குடும்பம் அவரை நிலத்தைவிட்டு அனுப்பவில்லை.

அவருடைய மகன் சத்னாம் சிங் 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்தான். ஒன்பது, பத்து வயதிலேயே பெரியவர்களை எட்டிப் பிடிக்கும் உயரம். தமக்குக் கிட்டாத வாய்ப்பு மகனுக்காவது கிட்டட்டும் என்று தந்தை எண்ணினார். வீட்டு முற்றத்தில் ஒரு கூடை எழுந்தது. பின்னர் அவன் லூதியானாக் கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் சேர்க்கப்பட்டான். அங்கே டாக்டர் சங்கரன் சுப்பிரமணியன் என்னும் முதுபெரும் பயிற்சியாளர் இருந்தார். இந்திய அணிக்குப் பல நெடிய ஆட்டக்காரர்களை ஆக்கித் தந்த அவர் 2013-இல் காலமானார். சத்னாமுக்கு அடிப்படைப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

பதினான்கு வயதில் சத்னாம் ஏழடியை எட்டினான். அவன் காலுக்கேற்ற காலணி கிடைப்பதே அரிதாயிற்று. 2010-இல், புளோரிடா மாநிலத்துப் பிராடென்டன் நகரில் உள்ள ஐ.எம்.ஜி. பயிற்சிக் கழகத்துக்கு உதவித்தொகையுடன் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய இளையோருள் அவனும் ஒருவனானான். ஆங்கிலம் அறியாமல் விமானம் ஏறிய பையன் அவன். கட்டளை புரியாத மைதானத்தில், பிறர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தானும் செய்யக் கற்றான். 2011-இல், பதினைந்தே வயதில், ஆசியப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினான்.

2015 ஜூன் 25

அமெரிக்காவின் என்.பி.ஏ. சங்கத்தில், ஆண்டுதோறும் அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டு மொத்தம் 60 பேர் அழைக்கப்பட்டனர். 52-ஆவது பெயராக டல்லாஸ் மாவரிக்ஸ் அணி சத்னாம் சிங்கை அழைத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் இத்தேர்வில் அழைக்கப்பட்டது அதுவே முதன்முறை. சில வாரங்களுக்கு முன்னர், ஏப்ரல் மாதத்தில், கனடாவில் பிறந்த பஞ்சாபி வழியினரான சிம் புல்லார் சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் களமிறங்கி, இந்திய வம்சாவழியில் என்.பி.ஏ. ஆடிய முதல்வரானார். ஆயினும் இம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் சத்னாமே.

நாடெங்கும் பத்திரிகைகள் மகிழ்ந்தன. அவரைப் பற்றி 2016-இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியில் பலர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அதே ஜூன் மாதத்தில்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கோப்பையை வென்றது. இறுதித் தொடரின் நடுவில் அவ்வணி தன் ஏழடிச் சென்டரைத் தொடக்க வரிசையிலிருந்து நீக்கி, விரைந்து ஓடுவோரையும் தொலைவிலிருந்து எறிவோரையும் நம்பி ஆடி வென்றது. மூன்று புள்ளி தரும் தொலைவு எறிதலை 1979-இல் ஏற்றுக்கொண்ட அச்சங்கத்தில், கூடையருகே மெல்ல ஆடும் நெடியவரின் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சத்னாம் வந்து சேர்ந்த வேளை இது. கதவு சாத்தப்படும் நேரத்தில் வாசலை அடைந்த விருந்தினர் அவர்.

ஆகவே அவர் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை. அதன் துணைச் சங்கத்தில், டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் இரண்டு பருவங்கள் இருந்தார். அங்கும் களத்தில் நின்ற நேரம் குறைவு. பின்னர் 2018-இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குச் சென்றார். 2019-இல் இந்திய அணியின் பயிற்சி முகாமில் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். தாம் அறிந்து தவறு செய்யவில்லை என்று மறுத்தார். ஆயினும் 2020 டிசம்பரில் இரண்டாண்டுத் தடை உறுதியாயிற்று. 2021-இல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. என்னும் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு மேடையேறினார்.

வாய்ப்பும் வளர்ப்பும்

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, “ஏழடி இருந்தும் பயனில்லையே” என்று சொல்வோர் உண்டு. அது நியாயமன்று. தாமதமாகத் தொடங்கினார், அதனால் தோற்றார் என்பதும் முழு உண்மையன்று. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து ஹக்கீம் ஒலாஜுவானைப் பாருங்கள். அவர் கூடைப்பந்தைத் தொட்டதே ஏறத்தாழப் பதினைந்து வயதில். அதுவரை கால்பந்தும் கைப்பந்தாட்டமுமே ஆடியவர். ஆனால் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அங்கே களம் கண்டார். விடுமுறை மாதங்களில் மோசஸ் மலோன் என்னும் தேர்ந்த சென்டரோடு நாள்தோறும் மோதிப் பழகினார். 1984-இல் முதல் ஆட்டக்காரராகத் தேர்வானார். 1994, 1995 ஆகிய இரண்டாண்டும் ஹூஸ்டன் அணிக்குக் கோப்பை தேடித் தந்தார். 1995-இல் ரமளான் நோன்பு வைத்துக்கொண்டே ஆடி, அந்தப் பிப்ரவரி மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதையும் பெற்றார் என்பதை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நியூயார்க்கில் பிறந்த கரீம் அப்துல் ஜப்பார் இன்னொருவர். அவர் கல்லூரியில் ஆடியபோது, பந்தைக் கூடைக்குள் நேரே திணிப்பது 1967-இல் தடைசெய்யப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. தலைக்குமேல் கையை வளைத்து எறியும் ‘ஸ்கை ஹூக்’ என்னும் முறையைத் தம் முதன்மை ஆயுதமாக்கிக் கொண்டார். இருபது பருவங்கள் ஆடி, ஆறு கோப்பைகளில் பங்கு பெற்று, 38,387 புள்ளிகளோடு 1989-இல் ஓய்ந்தார். அவர் 1984-இல் கைப்பற்றிய அதிகப் புள்ளிச் சாதனை 2023 பிப்ரவரி வரை நின்றது. இடையே படிப்பை விட்டாரில்லை, பட்டம் பெற்றார், பிற்காலத்தில் வரலாற்று நூல்கள் எழுதினார்.

இவ்விருவருக்கும் உயரம் இருந்தது. அதனோடு கல்லூரியும், நாள்தோறும் எதிர்நின்று ஆட நிகரான ஆட்டக்காரரும் இருந்தனர். சத்னாம் கல்லூரி அணியில் ஆடாமலேயே தேர்வுக்குப் போனார். தாய்நாட்டில் அவர் வளர்ந்த காலத்தில் தொழில்முறைச் சங்கமே கிடையாது. 2015-இல் தொடங்கிய யு.பி.ஏ. என்னும் போட்டியும் 2017-க்குப் பின் நடக்கவில்லை. பையனிடம் உயரம் இருந்தது. அவனை வளர்க்கும் ஏற்பாடு நாட்டில் இல்லை. குறையைச் சொல்வதானால் அங்கே சொல்ல வேண்டும்.

அருகில் ஓர் எடுத்துக்காட்டு

நம் சென்னையிலேயே இன்னொரு சென்டரின் வாழ்வு நடந்தது. கேரளத்துக் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டங்குல உயரம் உடையவர். கல்லூரியில் ஆடித் தென்னக ரயில்வேயில் பணி பெற்றார். 2006-இல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடச் சென்றார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் சங்கத்து அணிகள் மூன்று அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் வாழ்வு அங்கே முறிந்துவிடவில்லை. திரும்பி வர ஒரு பணியும் ஓர் அணியும் இருந்தன. இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்தபின், அடுத்த வெள்ளிக்கிழமை ஆரணித் தந்தைக்கு என் விடையைச் சொன்னேன். “பையனை ஆட அனுப்புங்கள். உயரம் அல்லாஹ் தந்த அமானிதம். அதனைப் பயன்படுத்தாமல் வைப்பது சரியன்று. ஆனால் அமெரிக்கா போவான் என்று எண்ணி அனுப்ப வேண்டா. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் பயிற்சியோடு படிப்பும் உண்டு. ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை, காவல் துறை ஆகியவை ஆட்டக்காரர்களைப் பணியில் எடுப்பது உண்டு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தாதீர்கள். பந்தும் புத்தகமும் இரண்டும் அவன் கையில் இருக்கட்டும்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பஞ்சாப் பையனின் அத்தா இப்போது வருந்துகிறாரா?” என்று கேட்டார்.

அவர் மனத்தை நான் அறியேன். எனினும் ஒன்று சொன்னேன். வயலைவிட்டு நகர முடியாத தந்தையின் மகன் டல்லாஸ் வரை சென்றார். அவர் பெயர் அழைக்கப்பட்ட நாளிலிருந்து, இந்தியப் பையனால் அங்கே போக முடியாது என்று எவரும் சொல்வதற்கில்லை. அந்த வழியில் அடுத்து நடப்பவனுக்குக் கற்றுத் தரவும் தாங்கிப் பிடிக்கவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே மீதமுள்ள கேள்வி.

அன்று மாலை பையன் பள்ளி மைதானத்துக்குப் போனான் என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.