அச்சேறும் முன் ஒரு சோதனை: பிரீஃபிளைட் மென்பொருள் பிறந்த கதை

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனைக்காகப் பறந்தது. சில நொடிகளில் கீழே விழுந்து எரிந்தது. இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதியில் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்! அதன்பின் அந்த விமானத்துக்குச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது.

விமானிகளின் இந்தப் பழக்கம் பின்னாளில் அச்சுத் தொழிலுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் கணினி.

முன்பு ஒரு பக்கம் அச்சாவதற்குள் பல கைகளைக் கடக்கும். எழுத்துக் கோர்ப்பவர், பிழை திருத்துபவர், ஃபிலிம் எடுப்பவர், ஒட்டுபவர், தகடு செய்பவர் என்று ஒவ்வொருவரும் முந்தியவரின் தவறைக் கண்டுபிடிக்க வாய்ப்பிருந்தது. 1984-ல் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டரும் ஆல்டஸின் பேஜ்மேக்கரும் வந்தன. பலர் செய்த வேலையை ஒருவரே கணினி முன் அமர்ந்து செய்ய முடிந்தது. செலவு குறைந்தது, கூடவே இடையில் இருந்த கண்களும் குறைந்தன.

விளைவு? கோப்புடன் எழுத்துரு வராது. அச்சகத்தில் வேறு எழுத்துரு வந்து உட்காரும். இணையத்தில் எடுத்த 72 புள்ளிப் படம், 300 புள்ளி தேவைப்படும் தாளில் மங்கலாக விழும். நான்கு வண்ண மைக்குப் பதிலாகத் திரைக்குரிய மூன்று வண்ணத்தில் படம் இருக்கும். இவை திரையில் தெரியாது. ஃபிலிம் எடுத்த பிறகோ தாள் ஓடிய பிறகோதான் தெரியும். நஷ்டம் யாருக்கு என்ற சண்டை அங்கேதான் தொடங்கும்.

1990-ல் சக் வெகர் என்ற அமெரிக்க ஆலோசகர், அச்சுக்கு முந்தைய இந்தச் சோதனைக்கு விமானிகளின் 'பிரீஃபிளைட்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். 1995-ல் மார்க்ஸ்வேர் நிறுவனம் ஃபிளைட்செக் மென்பொருளை வெளியிட்டது. ஊழியர் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்த வேலையை மென்பொருளே செய்து அறிக்கை கொடுத்தது.

ஆனால் எது தவறு என்று மென்பொருளுக்கு யார் சொல்வது? ஒரு அச்சகத்துக்குத் தவறானது இன்னொன்றுக்குச் சரியாக இருக்கலாம். இதற்கான விடை 1993-ல் வந்த பிடிஎஃப் வழியாகக் கிடைத்தது. 2001-ல் பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஐஎஸ்ஓ தரமானது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், திரை வண்ணம் கூடாது, வெட்டும் அளவு குறிக்கப்பட வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்று அது விதித்தது. ஆயிரம் தவறுகளைத் தேடுவதை விட, அனுமதிக்கப்பட்டதைச் சொல்லிவிடுவது எளிது அல்லவா? 2002-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தோன்றிய பணிக்குழு, நாளிதழ், சஞ்சிகை என ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனி விதிகளை வகுத்தது. 2003-ல் ஜெர்மனியின் காலஸ் நிறுவனத்தின் சோதனைக் கருவி அக்ரோபாட் 6 புரொஃபஷனலிலேயே இடம்பெற்றது. அச்சகத்தில் நடந்த சோதனையை வடிவமைப்பாளரே தன் மேசையில் செய்ய முடிந்தது.

வணிகக் கணக்கில் பார்த்தால் இதுவே பெரிய மாற்றம். மேசையில் பிடிபடும் தவறுக்குச் சில நிமிடங்களே செலவு. அதே தவறு இயந்திரத்தில் பிடிபட்டால் தாள், மை, கூலி எல்லாம் வீண். பொறுப்பு யாருடையது என்பதற்கும் அறிக்கை சாட்சியானது.

எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. திருமண அழைப்பிதழில் தேதி தவறாக இருந்தாலும், எழுத்துருவும் வண்ணமும் சரியாக இருந்தால் மென்பொருள் 'சரி' என்றே சொல்லும். பூட்டு எடுக்கப்பட்டதா என்று மட்டுமே பட்டியல் கேட்கும். விமானம் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்காது. அதைப் பார்க்க ஒரு மனிதர் இன்னமும் வேண்டும்.