முன்னால் குதிரை வண்டி போகுதா? ஹார்னில் கை வைக்கும் முன் இதைப் படிங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் வேலை முடித்து, காரில் கேஜிஎஃப் வீட்டுக்குக் கிளம்புகிற ஆளா நீங்கள்? ஹைவேயைவிட, பங்காருபேட்டை தாண்டி ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவுக்குள் நுழையும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர் இது. ஆனாலும் அந்தக் காலத்தில் ஜட்கா வண்டியில் போன கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த இடத்தை ஆட்டோ பிடித்து ரொம்ப நாளாச்சு. இன்று ரோட்டில் குதிரையைப் பார்ப்பது பெரும்பாலும் கல்யாண ஊர்வல சாரட்டில்தான். சிக்கலே அதுதான். தினமும் பார்க்காததால், குதிரையை எப்படிக் கடந்து போவது என்று நமக்குத் தெரிவதில்லை.

குதிரை ஏன் மிரளுது?

பயம் வந்தால் ஓடித் தப்பிக்கும் விலங்கு அது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நேர் பின்னால் தெரியாது. வண்டியில் பூட்டும்போது கண்ணோரம் பட்டை கட்டிவிட்டால் பக்கவாட்டுப் பார்வையும் போய்விடும். அப்போது உங்கள் கார் அதற்கு வெறும் சத்தம்தான். காதோ ரொம்பக் கூர்மை. பின்னாலிருந்து திடீரென ஏர் ஹார்ன் அலறினால் என்ன செய்யும்? முன்னால் பாயும், இல்லை பக்கத்தில் திரும்பும். பக்கத்தில் இருப்பது நீங்கள்.

வேகக் கணக்கையும் பாருங்கள். ஓட்டமாகப் போகும் குதிரை வண்டி மணிக்கு சுமார் 12 கி.மீ. போகும். நீங்கள் 60-ல் வந்தால், 50 மீட்டர் இடைவெளி நாலு செகண்டுக்குள் காலி. அந்த வண்டிக்கு பிரேக் லைட்டும் கிடையாது.

அதனால் தூரத்திலேயே வேகத்தைக் குறைங்க. ஓவர்டேக் பண்ண இடம் இல்லையா, பின்னாலேயே மெதுவாக வாங்க. அரை நிமிஷம்தான் போகும். இடம் கிடைத்ததும் நன்றாக விலகி, எஞ்சினை உறும விடாமல் கடந்து போங்க. கடந்த உடனே இடப்பக்கம் ஒடிக்காதீங்க. மழை நாளில் இன்னும் இடைவெளி விடணும்: தார் ரோட்டில் இரும்பு லாடம் வழுக்கும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, குதிரையைக் கடக்கும்போது குறைந்தது 2 மீட்டர் இடைவெளி, மணிக்கு 10 மைலுக்குள் (சுமார் 16 கி.மீ.) வேகம் என்று சொல்கிறது. நம்ம கடைத்தெருவில் 2 மீட்டருக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அப்படியென்றால் கடக்காமல் காத்திருப்பதுதான் வழி.

சட்டம் என்ன சொல்லுது?

பலருக்குத் தெரியாத விஷயம்: மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 132-வது பிரிவுப்படி, உங்கள் வண்டியைக் கண்டு விலங்கு மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போகும் என்று அதை ஓட்டி வருபவர் நினைத்து நிறுத்தச் சொன்னால், நீங்கள் நிறுத்தியே ஆகணும். வண்டிக்காரர் கை காட்டுவதை சும்மா கெஞ்சல் என்று நினைத்துவிடாதீங்க. தேவையில்லாமல் ஹார்ன் அடிப்பதற்கும் 2019 திருத்தத்தில் சேர்த்த 194எஃப் பிரிவில் அபராதம் உண்டு: முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000.

சாரட் ஊர்வலத்தில் பேண்டு, பட்டாசு, சீரியல் லைட் எல்லாம் சேர்ந்து குதிரை ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும். ஹை பீமை இறக்குங்க. பைக்கில் போனால், குதிரைக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைய வேண்டாம். அது உதைக்கும் தூரம் அது.

மோதிவிட்டால் 112-க்குக் கூப்பிடுங்க. குதிரைக்கு அடி என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. விழுந்த குதிரையை நீங்களே தூக்கப் போகாதீங்க. தலைப்பக்கம் வண்டிக்காரர் நிற்கட்டும், நீங்கள் பின்னால் வரும் டிராஃபிக்கை நிறுத்துங்க.