வீட்டு ஒலிபெருக்கிகள்: ஆக்டிவும் பாசிவும் (யூனியன்வில், ஒன்ராறியோ)

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் பெட்டி ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு வூஃபரும் உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டரும் இருக்கும். வருகிற இசையை இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சுற்றுக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அது ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருந்தால் பாசிவ் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே இசையைப் பிரித்து, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து ஓட்டினால் ஆக்டிவ். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். கடைகளில் இதைத்தான் தலைகீழாகச் சொல்லி விற்கிறார்கள்.

மார்க்கம் நகரின் பழைய கிராமப் பகுதியான யூனியன்வில் ரொறன்ரோவுக்கு வடகிழக்கே உள்ளது. வெளியூர்க்காரர் அதை மெயின் ஸ்ட்ரீட்டுக்காகவும் டூகுட் குளத்துக்காகவும் அறிவார்கள். ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. அருகில் ஓடும் 407 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் பிக்கரிங்கில் பி.எஸ்.பி. ஸ்பீக்கர்ஸின் தலைமையகம், மேற்கே போனால் மிசிசாகாவில் பாரடைம். பிக்கரிங்கையும் தாண்டிப் போனால் பீற்றர்பரோவில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் பிரைஸ்டன்.

இந்த நிறுவனங்களின் கதையில் ஒட்டாவாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1965-இல் சேர்ந்த ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர்களை எதிரொலியற்ற அறையில் அளந்தார். பிறகு அவற்றைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார். விலையும் பெயரும் மறைந்ததும் பெரும்பாலோர் ஒரே மாதிரியான பெட்டிகளையே விரும்பினார்கள்: நேர் எதிரே சமமாக ஒலித்து, பக்கவாட்டிலும் அதே குணத்தோடு படிப்படியாகத் தணிகிற பெட்டிகள். 1972-இல் பி.எஸ்.பி.யைத் தொடங்கிய போல் பார்ட்டன் 1974-இல் இருந்தே அந்த அறையைப் பயன்படுத்தினார். டூல் 1991-இல் அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். இன்று ஸ்பீக்கரைச் சுற்றி 70 கோணங்களில் அளக்கும் சி.டி.ஏ.-2034 முறை அந்த ஆய்வுவழியில் வந்ததே. அந்த அளவீட்டில் ஆக்டிவ், பாசிவ் என்று தனித்தனிப் பந்தி கிடையாது. பெட்டிக்கு வெளியே வரும் ஒலியைத்தான் அது அளக்கிறது.

பாசிவ் கிராஸ்ஓவர் எளிய பொருள்களால் ஆனது. வூஃபருக்குப் போகும் வழியில் ஒரு செம்புச் சுருள், ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கபாசிட்டர், உரப்பைச் சமன்செய்ய ஒரு ரெசிஸ்டர். சிக்கல் இவை வேலை செய்ய வேண்டிய இடத்தில் இருக்கிறது. பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது பெயரளவுக்குத்தான்; சுருதிக்குச் சுருதி அந்தத் தடை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தமாகக் கேட்டால் வூஃபரின் கம்பிச்சுருள் சூடேறும். செம்பின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் தடை ஏறத்தாழ 39 விழுக்காடு கூடிவிடும். அப்போது கிராஸ்ஓவர் பிரிக்கும் புள்ளியும் நகரும். வூஃபரும் ட்வீட்டரும் மட்டும் உள்ள பெட்டிகளில் அந்தப் புள்ளி பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் விழுகிறது. பாடகரின் மெய்யெழுத்துகள் துலங்கும் பகுதி அது. பிசகினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆக்டிவ் அமைப்பில் கிராஸ்ஓவர் இந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. (சூடேறிய சுருள் சற்று மெலிந்து ஒலிப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்; விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.) செங்குத்தான வெட்டும் எளிது. ஹியூலெட்-பேக்கார்ட் பொறியாளர் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் 1976-இல் வெளியிட்ட, அவர் பெயரோடு ரஸ் ரைலியின் பெயரையும் தாங்கிய வடிப்பான், ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் சரிகிறது. இதைச் சுருளும் கபாசிட்டரும் வைத்துச் செய்தால் பாகங்கள் கனத்து விலை ஏறும். ஒலியை எண்களாகக் கையாளும் டி.எஸ்.பி. சில்லில் அது சில வரிக் கணக்கு.

பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் வைப்பது புதிய யோசனை அல்ல. ரைஸ், கெலாக் என்ற பொறியாளர்கள் இருவரும் வடிவமைத்த இயங்குசுருள் ஸ்பீக்கர் 1926-இல் ரேடியோலா 104 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோதே உள்ளே ஆம்ப்ளிஃபயர் இருந்தது. ஃபின்லாந்தின் ஜெனெலெக் 1978-இல் ஆக்டிவ் மானிட்டர்களோடு தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடங்கள் நாளடைவில் அந்தப் பக்கமே சாய்ந்தன. வீடுகள் சாயவில்லை. பாரடைம்காரர்களே 1990-களில் ஸ்டூடியோ/20 என்ற பாசிவ் பெட்டியோடு ஆக்டிவ்/20 என்ற உறவுப் பெட்டியையும் விற்றார்கள். நிலைத்தது பாசிவ் வரிசைதான். விருப்பப்பட்ட ஆம்ப்ளிஃபயரைத் தானே தேர்ந்தெடுக்கும் சுகத்தை வீட்டு ரசிகர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இரண்டு மயக்கங்களைத் தீர்த்துவிடுவது நல்லது. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த கான்டோ நிறுவனத்தின் ஒய்.யூ. வரிசை போன்றவற்றில் இடப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அங்கிருந்து சாதாரண ஸ்பீக்கர் வயர் வலப்பெட்டிக்குப் போகும். வசதியான பெட்டிகள்தான், ஆனால் கிராஸ்ஓவர் பாசிவ். இன்னொன்று, பின்னால் நான்கு முனைகள் உள்ள பாசிவ் பெட்டிக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர் கொடுத்துவிட்டு ஆக்டிவ் ஆக்கிவிட்டோம் என்று நினைப்பது. உள்ளே இருக்கும் சுருளும் கபாசிட்டரும் அப்படியே இருக்கின்றன. மாறாக, பிரைஸ்டனின் 10பி போன்ற மின்னணுக் கிராஸ்ஓவரை முன்னால் வைத்து, பெட்டிக்குள் இருக்கும் பாகங்களைக் கழற்றிவிட்டு ஓட்டினால், ஆம்ப்ளிஃபயர்கள் வெளியே இருந்தாலும் அது ஆக்டிவ்தான்.

இரண்டையும் நேராக ஒப்பிட நல்ல வாய்ப்பு கெஃப் நிறுவனத்தின் ஒரு ஜோடி. 2020-இல் வந்த எல்.எஸ்.50 மெட்டா பாசிவ். அதே ஆண்டின் எல்.எஸ்.50 வயர்லெஸ் 2 ஆக்டிவ். இரண்டிலும் ஒரே தலைமுறை யூனி-க்யூ ஒலிவாய் (வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்த தொகுதி). நிறுவனம் தரும் கணக்கில், 3 டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் பாசிவ் பெட்டி 79 ஹெர்ட்ஸ் வரைதான் இறங்குகிறது. ஆக்டிவ் 45 வரை. உள்ளே இருக்கும் டி.எஸ்.பி. தாழ்ந்த ஒலியை ஊட்டிவிடுகிறது. ஆனால் சிறிய கூம்பு அசையக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. ஒலியைக் கூட்டக் கூட்ட டி.எஸ்.பி. அந்த ஊட்டத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். இரவு ஒன்பது மணிக்கு அளவாகக் கேட்பவருக்கு இது பேரருள். பிறந்தநாள் விழாவில் தவில் இசை வைப்பவருக்கு அல்ல.

தாழ்ந்த ஒலியில் ஸ்பீக்கரைவிட அறையே எஜமான். வீட்டு அறைகளில் ஏறத்தாழ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த நிலைதான். 6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரம் உள்ள அறையின் முதல் அதிர்வுகள் முறையே 29, 43, 71 ஹெர்ட்ஸ் அளவில் விழும். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அறையில் இளையராஜா பாட்டின் பேஸ் வரி பக்கச் சுவரோரம் வீங்கியும், அகலத்தின் நடுவில் மெலிந்தும் கேட்கும். மரச்சட்டத்தில் ட்ரைவால் அடித்த யூனியன்வில் மாடிச் சுவர்கள் கொஞ்சம் அசைந்து அந்த வீக்கத்தைத் தின்றுவிடும். பேஸ்மென்டின் கொங்கிரீட் சுவர் எதையும் தின்னாது. அதனால் மைக் வைத்து அறையை அளந்து திருத்தும் வசதி, ஆக்டிவா பாசிவா என்பதைவிடப் பெரிய வித்தியாசம் தரும். பாசிவ் பெட்டிக்கும் அதைத் தரலாம். பாரடைமின் சகோதர நிறுவனமான ஆன்தம், ஏ.ஆர்.சி. என்ற திருத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்து விற்கிறது.

மின்சார விஷயம் தமிழ் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பாசிவ் பெட்டி இந்த வித்தியாசத்தை அறியாது; யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாலும் அங்குள்ள ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பாடும். ஆக்டிவ் பெட்டியில் 100–240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 120 மட்டும் எழுதியிருந்தால் 230-இல் சொருகிய கணமே புகைந்துவிடலாம். ஒன்ராறியோவில் விற்கும் மின்கருவிகளுக்கு சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரையும் கட்டாயம். ஊரிலிருந்து கொண்டுவரும் ஆக்டிவ் ஜோடியில் அது பெரும்பாலும் இருக்காது. கனடாவிலேயே வாங்கினாலும் ஆக்டிவ் ஜோடிக்குப் பெரும்பாலும் இரு பக்கமும் சுவர்ப் பிளக் வேண்டும் என்பதைச் சோஃபா போட்ட பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

ஆயுளில் பாசிவ் பெட்டி முந்துகிறது. வூஃபரின் ஃபோம் விளிம்பு பொடிந்தால் புதிதாக ஒட்டலாம். கபாசிட்டர் தேய்ந்தால் மாற்றலாம். ஆக்டிவ் பெட்டியின் மின்பலகை சூட்டிலும் அதிர்விலும் கிடக்கிறது. அதிலுள்ள வயர்லெஸ் பகுதிக்குச் செயலி ஆதரவு நின்றால் சரியான ஒலிவாயும் வீணாகிவிடும். ஆகவே ஆக்டிவ் வாங்குபவர் ஆப்டிகல் அல்லது ஆர்.சி.ஏ. உள்ளீடு இருப்பதைப் பார்த்து வாங்குவது நல்லது. பிரைஸ்டன் தன் அனலாக் ஆம்ப்ளிஃபயர்களுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயரும் வயர்லெஸும் சேர்ந்த ஜோடிகளுக்கு உற்பத்தியாளர்கள் தருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான்.