பாரிசவாதத்தின் கடுமையை அளத்தல்: ஓர் அளவையின் சமூக வரலாறு

அளவைகள் காலத்திற்கும் சமூகத்திற்கும் அப்பாற்பட்டவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. முழமும் மரக்காலும் நிலவுடைமைச் சமூகத்தின் தேவைகளிலிருந்து பிறந்தவை என்பதை ஏற்கத் தயங்காதோர்கூட, மருத்துவ அளவைகளை அவ்வாறு நோக்குவதில்லை. எதனை அளப்பது, எதனை அளக்காது விடுவது என்னும் தீர்மானம் எல்லா அளவைகளுக்கும் முற்பட்டது. அத்தீர்மானம் சமூக நடைமுறையிலேயே எடுக்கப்படுகின்றது. பாரிசவாதத்தின் கடுமையை மதிப்பிட இன்று உலகெங்கும் பயன்படும் அளவையின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் உண்டாகின்றது. பண்டைய கிரேக்கத்தில் ஹிப்போகிறாற்றிஸ் மரபினர் இதனை வலியது, மெலியது என இரண்டாக வகுத்தனர். வலியதைக் குணப்படுத்த இயலாது, மெலியதைக் குணப்படுத்துவதும் எளிதன்று என்பது அவர்களது கருத்து. சிகிச்சை இல்லாத காலத்தில் இவ்விரு படிகளே போதுமானவையாக இருந்தன. வருவதை முன்னுரைத்தலன்றி வைத்தியருக்கு வேறு பணி இருக்கவில்லை.

1658இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த வெப்ஃபர், இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து மூளையில் இரத்தம் கசிந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘மூளையின் எப்பகுதி?’ என்பதே தலையாய வினாவாயிற்று. 1861இல் பரிஸ் நகரில் பிரோக்கா, பேச்சிழந்த லெபோர்ன் என்பவரின் மூளையை ஆராய்ந்து, இடது முன்பகுதியின் சிதைவைக் கண்டறிந்தார். லெபோர்ன் பாதணி செய்வதற்கான மர அச்சுகளைச் செதுக்கிய கைவினைஞர். பிசேத்ர் வைத்தியசாலையில் இருபத்தொரு ஆண்டுகள் கிடந்தவர். அவரது மூளை அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது. அவர் வாழ்ந்த வாழ்வு அவ்வாறு இடம்பெறவில்லை. நரம்பியற் பரிசோதனை, நிராதரவான ஏழைகள் நிறைந்த பெரும் வைத்தியசாலைகளிலேயே வளர்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

‘எங்கே?’ என்ற வினாவினின்றும் ‘எவ்வளவு?’ என்ற வினாவிற்கு மருத்துவம் நகர்ந்தமை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்வாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், காயமுற்ற படைவீரரின் தசைவலுவைப் பதிவு செய்வதற்காக, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 0 முதல் 5 வரையான படிநிலைகளைப் பரப்பியது. 1957இல் கிளாஸ்கோவில் ராங்கின், பாரிசவாதத்திற்குப் பின் ஒருவர் எவ்வளவு தூரம் பிறரில் தங்கி வாழ்கின்றார் என்பதைப் படிநிலைப்படுத்தினார். 1974இல் அதே நகரில் ரீஸ்டேலும் ஜெனற்றும் நினைவிழப்பை அளக்கும் அளவையை வெளியிட்டனர். பாரிசவாதத்திற்கெனத் தனியாக எழுந்த அளவைகளுள் முற்பட்டது மத்தியூ குழுவினர் 1972இல் வெளியிட்டது. அது கிளிசரோல் என்னும் மருந்தைச் சோதிக்கும் முயற்சியோடு சேர்ந்து பிறந்தது. மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட வேண்டுமாயின் இரு சாராரின் நோயும் ஒரே அலகில் கூறப்படல் வேண்டும். சந்தையில் வேறுபட்ட பண்டங்களை ஒப்பிடுவதற்குப் பொது அலகு தேவைப்படுவது போன்றதே இதுவும் எனலாம்.

இத்தேவையின் முதிர்ந்த வடிவமே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் பெயரால் வழங்கும் பாரிசவாத அளவை. சின்சினாற்றியைச் சேர்ந்த தோமஸ் புரொற்றும் அவருடைய சகாக்களும் 1989இல் இதனை வெளியிட்டனர். முன்னைய சில அளவைகளின் கூறுகளை இணைத்துப் பதினைந்து கூறுகளாக அமைத்தனர். நோயாளி விழிப்புடன் உள்ளாரா? மாதத்தையும் வயதையும் கூறுகின்றாரா? கண்ணை மூடித் திறக்கச் சொன்னால் செய்கின்றாரா? பார்வை ஒருபுறம் திரும்புகின்றதா? சிரிக்கும்போது முகம் கோணுகின்றதா? நீட்டிய கையைப் பத்து விநாடியும் உயர்த்திய காலை ஐந்து விநாடியும் தாழவிடாது வைத்திருக்கின்றாரா? இவ்வாறு தொடங்கி உணர்ச்சி, மொழி, உச்சரிப்பு, ஒருபுறத்தைக் கவனியாமை என்பன வரை பரிசோதனை செல்கின்றது. இன்று வழங்கும் வடிவில் குறைபாடு எதுவுமற்றவருக்கு 0. மிகக் கடுமையானவருக்கு 42.

இவ்வளவை கொண்டிருந்த முற்போக்கான பண்பினை நாம் மறுத்தல் கூடாது. 24 நோயாளரை வைத்து நடத்திய சோதனையில் நரம்பியல் நிபுணர், பயிற்சி வைத்தியர், நரம்பியல் தாதி, அவசர சிகிச்சைத் தாதி ஆகியோரின் மதிப்பீடுகள் நம்பகத்தன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காட்டவில்லை. 65 நோயாளரில் அவ்வெண், ஒரு வாரத்தின் பின் எடுத்த மூளைப் படத்திற் கண்ட சிதைவின் அளவோடும், மூன்று மாதங்களின் பின்னரான நிலையோடும் பொருந்தி வந்தது. நிபுணரின் ‘கைராசி’ என்றும் உள்ளுணர்வு என்றும் போற்றப்பட்ட ஒன்று, கற்றுக்கொள்ளத்தக்க பொது அறிவாக மாறியது. குருகுலத்தின் இரகசியம் ஏட்டுக்கு வந்தது போன்றதோர் ஜனநாயகப்படுத்தல் இது.

1995 டிசெம்பரில் வெளிவந்த ஆய்வு, 624 நோயாளரைக் கொண்டு, இரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்ரிப்பிளேஸ் மருந்தின் பயனை நிறுவியது. நோய் தொடங்கி மூன்று மணித்தியாலத்துள் மருந்து பெற்றோர், மூன்று மாதங்களின் பின் குறைபாடு சிறிதளவே உடையோராகவோ அற்றோராகவோ இருக்கும் வாய்ப்பு முப்பது சதவீதமேனும் அதிகமாக இருந்தது. 1996இல் அமெரிக்க அரசு அதனை அங்கீகரித்தது. மருந்து ஜெனென்ரெக் நிறுவனத்தினுடையது. ஆய்வை நடத்தியதோ அரசின் நிறுவகம். ஆய்விற்கெனப் பிறந்த அளவை நாளாந்தச் சிகிச்சையினுட் புகுந்தது. மூளைக் குழாயினுள் கருவியைச் செலுத்திக் கட்டியை அகற்றும் முறைக்கு 2015இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி நெறிகள் 6 புள்ளிகளையேனும் ஒரு தகுதியாகக் குறித்தன. அளவு இவ்விடத்திற் பண்பாக மாறுகின்றது. விவரணையாக இருந்த எண் வாயிற்காவலனாகின்றது.

வாயிலில் நிற்பதனாலேயே அவ்வெண்ணின் உள்ளமைப்பை வினவ வேண்டியுள்ளது. 42 புள்ளிகளுள் மொழியோடு நேரடித் தொடர்புடையவை 7. ஒருபுறத்தைக் கவனியாமைக்கு உரியவை 2. பெரும்பாலானோரில் மொழி இடது மூளையைச் சார்ந்தது. எனவே ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் வலது மூளை பாதிப்புற்றவரது சிதைவே பெரிதாக இருக்கக்கூடும் என்பதை 1999இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மூளையின் பின்பகுதி தாக்கப்பட்டு, தலைசுற்றலும் தள்ளாட்டமுமாக வருபவர் பூச்சியமே பெறுதலும் கூடும்.

இதனினும் ஆழமானதொரு விடுபாடு உண்டு. இவ்வளவை கையை உயர்த்தி வைத்திருத்தலை அளக்கின்றது; விரல்களின் நுண்ணிய தொழிலை அளப்பதில்லை. கொழுந்து பறிப்பவளின் விரல், தையற்காரரின் விரல், அச்சுக் கோர்ப்பவரின் விரல் ஆகியன செயலிழந்தாலும், கை தாழாதிருக்கும்வரை எண் அசைவதில்லை. லெபோர்னைப் போன்ற ஒருவருக்கு விரலே பிழைப்பு. உழைப்பினால் வாழ்பவருக்கு எது பேரிழப்போ அது இங்கு ‘இலேசானது’ எனப் பெயர் பெறுகின்றது.

மொழிச் சோதனையும் இலக்கிய மாணவரின் கவனத்திற்கு உரியது. நோயாளி விவரிக்க வேண்டியிருந்த படம் 1972இல் வெளிவந்த பொஸ்ரன் மொழிச் சோதனையிலிருந்து பெறப்பட்டது. நீர் வழியும் தொட்டியின் முன் கோப்பை துடைக்கும் இல்லத்தரசி. பின்னால் முக்காலியில் ஏறிப் பிஸ்கற் திருடும் சிறுவன். பெயர் கூறவேண்டியிருந்த பொருள்களுள் கையுறை, கள்ளிச்செடி, மரங்களிடையே கட்டும் வலைப்படுக்கை என்பன இருந்தன. உச்சரிக்க வேண்டிய சொற்களுள் ஹக்கிள்பெரிப் பழமும் பேஸ்போல் வீரனும் வருகின்றனர். பொதுமை எனப்பட்டது ஐக்கிய அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் வீடும் முற்றமுமேயாம்.

இவ்வளவை நமது வைத்தியசாலைகளிலும் வழங்குகின்றது. ஆகவே கேள்வி நமக்கும் உரியது. மாதம் யாதெனக் கேட்கப்படும் முதிய விவசாயி ‘ஆடி’ என்று விடையிறுத்தால் அது சரியா, பிழையா? வயதை அண்ணளவாகக் கூறுவதற்குப் புள்ளிச் சலுகை இல்லை என்பது இவ்வளவையின் விதி. பிறந்த ஆண்டைப் புயலாலும் வெள்ளத்தாலும் நினைவு வைத்திருக்கும் மக்கள் கூட்டத்தில் இவ்விதி எதனை அளக்கின்றது? எழுத்தறிவு மறுக்கப்பட்டவரிடம் வாக்கியத்தை வாசிக்கக் கேட்கும்போது அளக்கப்படுவது மூளைச் சிதைவா, வர்க்க வரலாறா? வாசிக்க முடியாமையை நோயின் கணக்கிற் சேர்த்துவிடாதிருக்க, கேட்பவர் நோயாளியின் மொழியையும் வாழ்வையும் அறிந்தவராயிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் இருவகைத் தவறுகள் நேர்தல் கூடும். எண்ணையே நோயெனக் கொள்வது ஒன்று. அது மனிதர் ஆக்கிய கருவி, மனிதரை ஆளும் பொருளாகிவிடும் நிலை. அளவையே வேண்டாம், வைத்தியரின் கருணையே போதும் என்பது மற்றொன்று. கருணை வறியவர்க்குச் சமமாகக் கிடைத்ததென்று வரலாறு கூறவில்லை. பொது அளவை இல்லாத இடத்தில் செல்வாக்கே அளவையாகும்.

அறிவியல் தனது நடைமுறையினூடாகவே தன்னைத் திருத்திக்கொள்கின்றது. 2019இன் அமெரிக்க வழிகாட்டி நெறிகள், புள்ளி குறைவாயினும் குறைபாடு ஒருவரை முடக்குவதாயின் அல்ரிப்பிளேஸ் வழங்கலாம் என்றன. ‘முடக்குவது’ என்ற அச்சொல்லோடு, எண் வெளியேற்றியிருந்த கேள்வி மீள நுழைகின்றது: இம்மனிதர் நேற்றுவரை என்ன தொழில் செய்தார்? நாளை அதனைச் செய்ய இயலுமா? இவ்வினாவைக் கேட்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளியை உழைக்கும் மனிதராகக் காணும் பார்வை வேண்டும். அளவையைக் கைவிடாது, அதனை அப்பார்வைக்குக் கீழ்ப்படுத்துவதே நம்முன் உள்ள பணியாகும்.