ஒற்றைப் பலகைக் கணினி: மாற்று உறுப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

செயலி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் ஒரே அச்சுச்சுற்றுப் பலகையில் அடக்கியது ஒற்றைப் பலகைக் கணினி. 1976இல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 245 டாலருக்கு விற்ற கிம்-1 இந்த வகையின் புகழ்பெற்ற மூதாதை. 6502 செயலி, 1 கிலோபைட் ராம், ஆறு இலக்க எல்இடி காட்சி, சிறிய விசைப்பலகை, அவ்வளவுதான் அது. அதையும் அதன் சமகாலத்தவற்றையும் வீட்டிலேயே மறுபடி கட்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சுற்று வரைபடம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அதில் குறித்திருக்கும் ஐசிகளில் பல இன்று உற்பத்தியிலேயே இல்லை. அவற்றின் இடத்தில் எதைப் பொருத்துவது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி உழைப்பு போகிறது.

ஐசியின் முதுகில் அச்சிட்ட எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். கால்களின் வரிசை, மின்னழுத்தம், வேகம், நடத்தை ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் அது மாற்று. அந்தப் பொருத்தத்தையும் ஐசியைத் தனியாக வைத்துத் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் ஐசிகளும் ஓடப்போகும் நிரலும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

கிம்-1இல் மிகச் சிக்கலான உறுப்பு செயலி அல்ல, 6530 என்ற துணைச் சிப். பலகையில் அது இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் 1 கிலோபைட் ரோம், 64 பைட் ராம், உள்ளீட்டு-வெளியீட்டு வழிகள், ஒரு நேரங்காட்டி. கணினியின் அடிப்படை இயக்க நிரலான மானிட்டர் இந்த இரண்டு ரோம்களில்தான் ஆலையிலேயே பதிக்கப்பட்டது. ஆகவே வேறொரு கருவியிலிருந்து கழற்றிய 6530 உதவாது. ரோமின் உள்ளடக்கம் மட்டுமல்ல, அது எந்த முகவரிக்குப் பதில் சொல்லும் என்பதும் ஆலையில் முடிவானதே. இன்றைய பிரதிகளைக் கட்டுவோர் 6532 சிப்பை நாடுகிறார்கள். அட்டாரி 2600 விளையாட்டுக் கருவியில் இடம்பெற்றதால் அது பெருமளவில் உற்பத்தியாகி, இன்றும் பழைய சரக்காகக் கிடைக்கிறது. அதில் 128 பைட் ராம் உண்டு. இரண்டு 6530களின் ராமுக்குச் சரியாக ஈடு. ரோம் கிடையாது என்பதால் மானிட்டரைத் தனி ஈப்ரோமில் ஏற்ற வேண்டும். நேரங்காட்டியின் முகவரி அமைப்பும் வேறு. கேசட் நாடாவில் எழுதவும் படிக்கவும் மானிட்டர் அந்த நேரங்காட்டியை நம்பியிருப்பதால், முகவரிக் கம்பிகளைக் கூடுதல் கேட் வழியாகத் திருப்பிவிட வேண்டும், அல்லது நிரலைத் திருத்த வேண்டும். 6530, 6532 இரண்டுக்குமே 40 கால்கள்தான். ஆனாலும் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்றொன்றை அதே சாக்கெட்டில் செருக முடியாது.

6502 செயலியின் கதை இதைவிட எளிதாகத் தோன்றும். வெஸ்டர்ன் டிசைன் சென்டரின் டபிள்யூ65சி02எஸ் புதிதாகவே கிடைக்கிறது. 5 வோல்ட்டில் 14 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். பழைய என்மோஸ் 6502இன் 1ஆம் கால் தரைக்கு இணைப்பது. புதியதில் அதே கால் ஒரு வெளியீடு. பழைய பலகையில் அப்படியே செருகினால் அந்த வெளியீடு தரையோடு குறுக்கிணையும். காலை வெளியே வளைத்துவிடுவது வழக்கம். 36ஆம் கால் பழையதில் வெற்றுக்கால். புதியதில் அதை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்காவிட்டால் முகவரிப் பாதையும் தரவுப் பாதையும் அந்தரத்தில் தொங்கும். ரெடி என்னும் 2ஆம் கால் புதியதில் இருவழிக் கால். அதை நேராக மின்வழங்கலில் சேர்க்காமல் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சேர்ப்பதே பாதுகாப்பு.

கால்கள் சரியானாலும் நிரல் காலை வாரலாம். என்மோஸ் 6502இல் ஆவணப்படுத்தப்படாத கட்டளைகள் பல உண்டு. சில பழைய விளையாட்டு நிரல்கள் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தின. டபிள்யூ65சி02எஸ் போன்ற சிமோஸ் வகையில் அவை வேலை செய்யா. இசட்80 செயலியிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு. ஆவணத்தில் இல்லாத ஒரு வெளியீட்டுக் கட்டளை என்மோஸ் சிப்பில் 0 அனுப்பும், சிமோஸ் சிப்பில் 255 அனுப்பும். சொந்தமாக நிரல் எழுதுவோருக்கு இது பொருட்டல்ல. பழைய நிரலை ஓட்டத்தான் கணினியே என்பவர்கள் என்மோஸ் சிப்பைத் தேடிப் பிடிப்பது நல்லது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் 74 வரிசை லாஜிக் ஐசிகள். வரைபடத்தில் 74எல்எஸ்04 என்றிருக்கும், கையில் 74ஹெச்சி04 இருக்கும், கால்களும் ஒன்றே. எல்எஸ் ஐசி ‘1’ என்று சொல்லும்போது 2.7 வோல்ட் தந்தாலே அதன் கடமை முடிந்தது. ஹெச்சி ஐசி 5 வோல்ட் மின்வழங்கலில் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் அதை ‘1’ என்று உறுதியாக ஏற்கும். இடையில் இருக்கும் அந்த 0.8 வோல்ட்டில்தான் ‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை’ வகைக் கோளாறுகள் குடியிருக்கின்றன. இதற்காகவே வந்தது ஹெச்சிடி வரிசை. அதற்கு 2 வோல்ட் போதும். எல்எஸ் இடத்தில் ஹெச்சிடி என்பது பெரும்பாலும் பழுதில்லாத விதி. பழைய வெறும் 74 வரிசையைப் போடுவது தவறு: என்மோஸ் 6502இன் ஒரு வெளியீடு நான்கு எல்எஸ் உள்ளீடுகளைத் தாங்கும், வெறும் 74 என்றால் ஒன்றைத்தான் தாங்கும். இன்னொன்று: எல்எஸ் ஐசியில் விட்டுவைத்த உள்ளீடு ‘1’ போல நடந்துகொள்ளும், சிமோஸில் அது எப்படியும் ஆடும். பயன்படாத உள்ளீடுகளைத் தரையோடோ மின்வழங்கலோடோ கட்டிவிட வேண்டும்.

நினைவகத்தில் நற்செய்தி அதிகம். கிம்-1இல் எட்டு சிப்கள் சேர்ந்து தந்த 1 கிலோபைட்டை, இன்றும் உற்பத்தியாகும் ஒற்றை 62256 ராம் 32 மடங்காகத் தருகிறது. வேகமான ராமால் மெதுவான செயலிக்குத் தீங்கில்லை. எழுதும் சைகை கடிகாரத் துடிப்போடு இணைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஈப்ரோமில் எச்சரிக்கை தேவை. இன்டெலின் 2716 ஒற்றை 5 வோல்ட்டில் இயங்கும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716 மூன்று மின்னழுத்தங்கள் கேட்கும். பின்னதற்கான சாக்கெட்டில் முன்னதைச் செருகினால் அதன் ஒரு முகவரிக் காலில் 12 வோல்ட் பாயும். ஒரே எண், இரண்டு ஜாதகம். 27சி256 ஈப்ரோமுக்குப் பதில் 28சி256 ஈஈப்ரோம் போடலாம், ஆனால் 1ஆம் காலின் வேலையும் 27ஆம் காலின் வேலையும் மாறியிருக்கும். டைனமிக் ராமில் நுட்பமான பொறி ஒன்றுண்டு. இசட்80 தானாகச் செய்யும் புதுப்பிப்பு 7 பிட் முகவரிக்குள் அடங்குவது. டிஎம்எஸ்4164 போன்றவை 256 புதுப்பிப்புச் சுழற்சிகள் கேட்பவை, எனவே கூடுதல் சுற்று இல்லாமல் அவை மறந்துபோகும்.

தொடர் இணைப்புக்கான 6551 சிப்பில், புதிய டபிள்யூ65சி51என் ‘அனுப்பி முடித்தேன்’ என்ற கொடியை எப்போதும் ஏற்றியே வைத்திருக்கும். அதை நம்பிய நிரல் எழுத்துகளைத் தொலைக்கும். நிரலில் காத்திருப்பைச் சேர்க்க வேண்டும், அல்லது ராக்வெல்லின் பழைய 6551ஐத் தேட வேண்டும். தமிழகப் பொறியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் கண்ட 8085 பலகைகளின் உள்ளீட்டு-வெளியீட்டுச் சிப்பான 8255க்கும் ஒரு குறிப்பு: சிமோஸ் வகையான 82சி55ஏ ரீசெட்டில் தன் கால்களை மிதக்க விடாமல் மெல்லப் பிடித்துக்கொள்ளும். ரிலே ஏதும் இணைத்திருந்தால் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரெசிஸ்டர், கண்டென்சர், சாக்கெட் ஆகியவற்றில் பெரிய சிக்கல் இல்லை. ஒவ்வொரு ஐசிக்கும் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கண்டென்சர் இருக்கட்டும்.

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்கும் பழைய சிப்பின் மேலெழுத்தை அப்படியே நம்பக் கூடாது. முதுகைத் தேய்த்துப் புதுப் பெயர் அச்சடிப்பது உலகெங்கும் நடக்கும் தொழில். அசிட்டோன் தோய்த்த பஞ்சு பல மறு அச்சுகளைக் கரைத்துவிடும். அதைவிட நல்ல சோதனை மின்னோட்டம்: என்மோஸ் 6502 பல பத்து மில்லியாம்பியர் இழுக்கும், டபிள்யூ65சி02எஸ் 1 மெகாஹெர்ட்ஸில் சில மில்லியாம்பியரோடு நின்றுவிடும். சிமோஸ் என்று விற்ற சிப் கையைச் சுட்டால் அது சிமோஸ் அல்ல.

புதிதாகத் தொடங்குவோருக்குச் செயலித் தேர்வே முதல் மாற்று உறுப்பு முடிவு. ஜைலாக் நிறுவனம் 2024 ஏப்ரலில் இசட்80இன் தனிச் சிப்பான இசட்84சி00 உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, அவ்வாண்டு ஜூன் 14ஐக் கடைசி ஆர்டர் நாளாக வைத்தது. இனி இருப்பில் உள்ளதுதான். டபிள்யூ65சி02எஸ் மட்டும் அதே 40 கால் உறையில் இன்றும் புதிதாக விற்பனையில் இருக்கிறது.